நாலா தம்பூ

அந்தக் கம்பெனியின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. என் பெயரை அவர்கள் சொன்னார்களா? போர்ட் பிளேரில், டெலானிபூர் மேட்டில் இருக்கிறது, கண்ணாடிக் கதவு போட்டிருக்கிறார்கள். அவ்வளவு தெரிந்தால் போதும்.

திங்கட்கிழமை காலை, கராச்சர்மாவில் நான் வேலை பார்க்கும் கூரியர் கடையில், மெயின்லேண்டிலிருந்து வந்த பார்சல்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தேன். அப்போது அந்த மின்னஞ்சல் வந்தது. நான் எழுதி, இணையத்தில் எல்லாருக்கும் திறந்து வைத்திருந்த மென்பொருளின் பக்கத்தை அந்த இணையதளத்துக்காரர்கள் மூடிவிட்டார்களாம். அது ஒரு கம்பெனியின் பதிப்புரிமையை மீறுகிறதாம். வசந்தகுமாரி என்பவள் அவர்கள் சரக்கைத் திருடித் தன்னுடையது என்று போட்டிருக்கிறாளாம். பத்து நாளுக்குள் ஆதாரத்தோடு மறுத்து எழுதாவிட்டால் மூடியது மூடியதுதான்.

மூன்று முறை படித்தேன். எனக்கு வந்தது பயம் இல்லை, ஆத்திரம். எட்டு வருடத்து ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் விழுங்கிய வேலை அது. வீடு புகுந்து திருடியவன், வீட்டுக்காரியைத் திருடி என்று எழுதிக் கொடுத்திருக்கிறான். அதை யாரோ வாங்கி வைத்துக்கொண்டு என் வீட்டைப் பூட்டிவிட்டார்கள். இனி நான் வாய் திறக்காவிட்டால் அது அவர்களுடையது, நான் திருடி.

அந்த மென்பொருள் என்ன செய்யும் என்று சொல்லிவிடுகிறேன். இந்தத் தீவுகளில் தமிழ்ப் பெயரைச் சரியாக எழுதிவிட்டால் அது அதிசயம். நாம் தமிழில் சொல்வோம். எதிரில் இருப்பவர் தன் காதுக்கு எட்டியபடி வாங்குவார். மனதுக்குள் இந்தியில் எழுதுவார். அட்டையில் ஆங்கிலத்தில் வரும். முத்துராஜ் மோத்திராஜ் ஆவார். ஒச்சம்மா உஷாமா ஆவாள். ஒரே ஆளுக்கு ரேஷன் கார்டில் ஒரு பெயர், கப்பல் டிக்கெட்டில் வேறு பெயர். என் மென்பொருள் சிதைந்த பெயரைப் பார்த்து, இது இன்னார்தான் என்று சொல்லும். முதலில் ஒரு பட்டியலைப் பார்க்கும். அதில் இல்லாவிட்டால் சில விதிகளைப் போட்டுப் பார்க்கும். பட்டியலில் ஆயிரத்துச் சொச்சம் வரிகள். ஒவ்வொன்றும் நான் ஆளைக் கேட்டு, அனுமதி வாங்கி, அட்டையைப் பார்த்துச் சேர்த்தது.

பட்டியலின் முதல் வரி எங்கள் அப்பா. அவர் பெயர் நல்லதம்பி. சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து சின்ன வயதில் கப்பலேறி வந்து, கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக் காலம் தள்ளியவர். எட்டு வருடத்துக்கு முன் கச்சாலில் என் அத்தை சொர்ணம்மா இறந்துபோனாள். போர்ட் பிளேரில் என்னோடு இருந்த அப்பா ஓடிப்போய் டிக்கெட் எடுத்தார். கௌண்டரில் இருந்தவர் பெயரைக் கேட்டு அடித்துக் கொடுத்தார்: நாலா தம்பூ. இந்தியில் நாலா என்றால் சாக்கடை. தம்பூ என்றால் கூடாரம்.

கப்பலேறும் ஜெட்டியில் டிக்கெட்டையும் அடையாள அட்டையையும் மாற்றி மாற்றிப் பார்த்த ஆள் முதலில் சிரித்தார். கூடாரத்தை எங்கே அடிக்கப் போகிறீர் சாச்சா என்று இந்தியில் கேட்டார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “நாம் மேட்ச் நஹீ. அக்லா ஜஹாஜ்,” என்றார். பெயர் ஒத்துப்போகவில்லை, அடுத்த கப்பலுக்கு வா. அடுத்த கப்பல் ஆறு நாள் கழித்து. அப்பா போய்ச் சேர்ந்தபோது அத்தையைப் புதைத்த மண் காய்ந்திருந்தது.

அந்த வாரம்தான் எழுத உட்கார்ந்தேன். எழுதியதை வெளியிடும்போது மேலே ஒரு லைசென்ஸும் போட்டேன். அதன் ஆங்கிலம் பல பக்கம் போகும், சாரம் கொஞ்சம்தான். எடுத்துக்கொள், மாற்றிக்கொள், விற்கவும் செய். ஆனால் மேலே இருக்கும் பெயரை அழிக்காதே. நீ யாருக்குக் கொடுத்தாலும், உள்ளே எழுதியிருப்பதையும் திறந்து கொடு. அவர்களும் இதேபோல எடுத்துக்கொள்ளட்டும். இதை மீறினால் உனக்கு அனுமதி இல்லை. காசு கேட்கவில்லை நான். பெயர் சிதைந்தவர்களுக்காக எழுதியதில், என் பெயரைச் சிதைக்காதே என்று மட்டும் கேட்டேன்.

கம்பெனிக்குப் போன் போட்டேன். ரவிசங்கர் என்று ஒரு மேனேஜர் பேசினான். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவன், குரலிலேயே தெரிந்தது. அக்கா என்பதைத் தீதி என்றான்.

“டென்ஷன் ஆகாதீங்க தீதி. நெட்ல சும்மா கிடந்துச்சு, எடுத்தோம். ஓப்பன் சோர்ஸ்னா ஓசி தானே, முஃப்த் தானே?”

“சும்மா கிடக்கல தம்பி. பேரு போட்டு, லைசென்ஸு போட்டு வச்சிருந்தேன். எடுத்ததுக்கு நான் ஒண்ணும் சொல்லல. பேர ஏன் அழிச்சீங்க? என்னையவே ஏன் திருடின்னு எழுதுனீங்க?”

“வியாழக்கிழமை டிக்கெட் கௌண்டருக்கு டெமோ இருக்கு. அதே சாமான் வெளியில முஃப்த்ல கிடைச்சா எங்ககிட்ட ஏன் வாங்குவாங்க? பிசினஸ் தீதி. சமஜ்லோ.”

புரிந்தது, நன்றாகவே புரிந்தது. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று பரிமாறுகிறவர்களையாவது மன்னித்துவிடலாம். அவர்கள் நெய்க்குச் சொந்தக்காரியின் மேல் புகார் கொடுப்பதில்லை. இப்போது சொன்னதை அப்படியே எழுதித் தருவீர்களா என்று கேட்டேன். லைன் கட்டாகிவிட்டது.

கப்பல் டிக்கெட் கௌண்டர்களுக்கு மென்பொருள் வாங்கும் பொறுப்பு பவானி மேடத்துடையது. தண்டனைக் கைதிகள் காலத்திலிருந்து இங்கேயே வாழும் குடும்பம் அவருடையது. மறுநாளே போய்ப் பார்த்து என் புகாரைக் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். “காகஜ்ல சண்டை போட்டா எனக்கு எது சச், எது பொய்னு தெரியாது. டெமோவுக்கு வாங்க. கேக்கறத அவங்க முன்னாடியே கேளுங்க,” என்றார்.

வியாழக்கிழமை லீவு போட்டேன். அப்பாவும் வருகிறேன் என்று வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டார். அந்தப் பழைய டிக்கெட்டை இன்னும் ஒரு பிளாஸ்டிக் உறையில் வைத்திருக்கிறார். அதையும் எடுத்துக்கொண்டார். பஸ்ஸில் ஒன்றே ஒன்று கேட்டார்.

“ஏன் புள்ள, அவனுகளும் அதத்தானே சனங்களுக்குக் குடுக்கப் போறானுக. யாரு குடுத்தா என்னா?”

“குடுக்கலப்பா, பூட்டி விக்கிறானுக. நாளைக்கு ஒச்சம்மா பேரு தப்பா வந்தா, எழுதுன நானே தொறந்து திருத்த முடியாது. திருத்துனா நான் திருடி.”

அப்பா உறையைச் சட்டைப் பைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளிக்கொண்டார்.

டெமோ அறையில் ஐந்தாறு பேர் இருந்தார்கள். ரவிசங்கர் திரைக்குப் பக்கத்தில் நின்று, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் எங்கள் கம்பெனியே சொந்தமாக எழுதியது என்றான். சொல்லும்போது நாக்கு குளறவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

எழுந்தேன். “மேடம், ஒரே ஒரு பேரு அடிச்சுப் பாருங்க. நாலா தம்பூ.”

பவானி மேடம் அடித்தார். அடித்து முடிப்பதற்குள் திரையில் வந்தது: நல்லதம்பி.

ரவிசங்கர் முகம் மலர்ந்துவிட்டது. “தேக்கா மேடம், பாத்தீங்களா? இதான் ஏஐ. தானாவே கத்துக்கும்.”

கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவருக்கு மதி எங்கே போயிற்று? “அப்ப சின்னத் தம்பூன்னு அடிங்க மேடம்,” என்றேன். அடித்தார். சின்னத் தம்பூ, சின்னத் தம்பூவாகவே நின்றது. தங்கத் தம்பூ என்று அடித்தார். அதுவும் அசையவில்லை.

“தம்பூன்னா தம்பின்னு இதுக்குத் தெரியாது மேடம். நாலா தம்பூன்னா நல்லதம்பின்னு மட்டுந்தான் தெரியும். அந்தப் பேரு இந்தத் தீவுல ஒரே ஆளுக்கு, ஒரே டிக்கெட்டுல, ஒரே ஒரு தடவ வந்துச்சு. அந்த ஆளு இவருதான். எங்கப்பா.”

தம்பூ என்பதைப் பொதுவிதியாகச் சேர்க்க வேண்டும் என்று எட்டு வருடமாக நினைத்து, சேர்க்காமலே விட்டவள் நான். என் சோம்பேறித்தனத்தையும் சேர்த்துத் திருடியிருந்தார்கள்.

அப்பா உறையை மேசையில் வைத்தார். பவானி மேடம் டிக்கெட்டைப் படித்தார், தேதியைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். பிறகு ரவிசங்கர் பக்கம் திரும்பி, “இவர உங்க கம்பெனிக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டார்.

திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல நின்றான். “மேடம், அந்த ஒரு லைன எடுத்துடறோம். ப்ராப்ளம் கதம்.”

அதுவரை எனக்கு வந்ததெல்லாம் கோபமே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. ஆயிரம் வரியை வைத்துக்கொண்டு எங்கள் அப்பாவை மட்டும் திருப்பித் தருகிறானாம். தனியாக, வெட்டி எடுத்து. மறுபடியும் ஜெட்டியில் போய் நிற்கச் சொல்கிறான்.

“உங்களையும் நான் தம்பின்னுதான் கூப்பிடுறேன்,” என்றேன். “ஆனா இந்த ரூமுல நல்லதம்பி ஒருத்தருதான்.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். பவானி மேடம் சிரிக்கவில்லை. “எங்க பர்தாதா, கொள்ளுத் தாத்தா பேர அவர் கப்பல்லேர்ந்து எறங்கின அன்னிக்கே மாத்தி எழுதிட்டாங்க. அசல் பேரு என்னன்னு இன்னிக்கும் எங்க வீட்ல யாருக்கும் தெரியாது,” என்றார். சொல்லிவிட்டு, கோப்பை இழுத்து எழுதத் தொடங்கினார். கம்பெனி புகாரை எழுத்தில் திரும்பப் பெற வேண்டும். லைசென்ஸையும் எழுதியவர் பெயரையும் உள்ளே போட வேண்டும். எல்லாவற்றையும் திறந்து கொடுக்க வேண்டும். இல்லையென்றால் கௌண்டர் இல்லை. ரவிசங்கர் கையெழுத்துப் போட்டான்.

சனிக்கிழமை என் பக்கம் திறந்தது. அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை பவானி மேடம் புதிய மென்பொருளின் முதல் திரையைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். ‘சரியா இருக்கா?’ என்று கேட்டிருந்தார். திரையின் அடியில், எறும்பு அளவு எழுத்தில், என் லைசென்ஸ் இருந்தது. அதற்கு மேலே எழுதியவர் பெயர்: பசந்த் குமார்.

வசந்தா பசந்த் ஆகி, குமாரி குமார் ஆகி, நான் ஆம்பளையாகி நின்றேன். பெயரைத் திருத்துவதற்கென்றே எழுதிய மென்பொருளின் நெற்றியில்.

அப்பா படத்தைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தார். “வாய்யா பசந்த் குமாரு, டீயக் குடி,” என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பட்டியலைத் திறந்து ஆத்திரத்தோடு புதிய வரி ஒன்று அடித்தேன்: பசந்த் குமார் என்றால் வசந்தகுமாரி. நான் எதைப் போட்டாலும் படிக்காமல் எடுத்துக்கொள்வார்கள், எடுக்கட்டும் என்றுதான் அடித்தேன். சேமிக்கப் போகும்போது கை நின்றது. நிஜமான பசந்த் குமார்களும் இந்தத் தீவில் இருக்கிறார்களே. சிப்பிகாட்டில் ஒருவர் இருக்கிறார், மாதம் இரண்டு பார்சல் வரும் அவருக்கு. என் கோபத்துக்காக அந்த மனிதர் ஜெட்டியில் நிற்பதா? வரியை அழித்தேன். கோபத்தை அழிக்கவில்லை. பவானி மேடத்துக்கு, சரியாக இல்லை என்று காரணத்தோடு பதில் எழுதினேன். பிறகு ரவிசங்கருக்குப் போன் போட்டு, அப்பாவுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தேன்.

“ஓஹோ, அதுவா தீதி. டைப் பண்ணவன் காதுல அப்படி விழுந்திருக்கு. திங்கட்கிழமை கௌண்டர் தொறக்குது, இப்ப மாத்த முடியாது. அடுத்த வெர்ஷன்ல பாத்துக்கலாம். பரவால்ல, சல்தா ஹை.”

“எழுதுனவங்க பேரு இல்லேன்னா லைசென்ஸு இல்ல தம்பி. லைசென்ஸு இல்லேன்னா கௌண்டரு இல்ல. மேடத்துக்கு எழுதிட்டேன்.”

“என்ன தீதி இது? ரெண்டு எழுத்துக்காகவா நிறுத்தச் சொல்றீங்க?”

எதிரில் டீ ஆற்றிக்கொண்டிருந்த அப்பாவின் கை நின்றது. முகத்திலிருந்த சிரிப்பு போயிருந்தது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, என் கையிலிருந்து போனை வாங்கி வாய்ப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

“நாம் மேட்ச் நஹீ,” என்றார். “அக்லா ஜஹாஜ்.”