கல்யாண வண்டியில் வந்த புத்தகம்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் டிவியில் ஹர்த்தால் அறிவிப்பு வந்ததுதான் தாமதம், தலச்சேரியில் ஒரே கொண்டாட்டம். கோழிக்கடையில் அடிபிடி, மீன் மார்க்கெட்டில் தள்ளுமுள்ளு. நாளைக்குக் கடை கிடையாது, பஸ் கிடையாது, தின்றுவிட்டுத் தூங்கலாம். எதற்காக ஹர்த்தால் என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் கிடையாது. பிரேமஜாவுக்கு மட்டும் ஆத்திரம். அயிலை மீன் வாங்கப் பையோடு மார்க்கெட் நடுவில் நின்று, "நாசமாப் போக!" என்று வாய்விட்டே திட்டினாள்.

"யாரை டீச்சரே?" என்றான் மீன்காரன்.

"எல்லாரையும்தான்! நீ மீனை நறுக்கு."

திட்டாமல் என்ன செய்வாள்? மறுநாள் காலை பத்து மணிக்கு வாசகசாலையில் ஆமினாத்தாவின் புத்தக வெளியீடு. ஆமினாத்தா பிரேமஜாவின் மாணவி, வயது அறுபதைத் தாண்டியவள்.

பிரேமஜா துப்பறியும் நாவல் எழுதுகிறவள். பதிப்பாளர்கள் வருஷக்கணக்கில் இழுத்தடித்ததில் வெறுத்துப்போய், "போங்கடா, நானே போட்டுக்கறேன்" என்று தானே அச்சடித்து, தானே தோளில் சுமந்து விற்று, ஏழெட்டு நாவல் ஆகிவிட்டது. அந்த வித்தையை இப்போது வாசகசாலை மாடியில் சொல்லிக் கொடுக்கிறாள். ஒரு சனிக்கிழமை பாடம், மறு சனிக்கிழமை ஊர் சுற்றல். பாடத்தில் காகிதத்தைத் தடவிப் பார்க்கச் சொல்லுவாள், அட்டைப்படத்தில் சொந்த போட்டோவைப் போடுகிறேன் என்பவர்களைத் திட்டுவாள். ஊர் சுற்றலில் திட்டு கிடையாது. கடல் வற்றுகிற நேரம் பார்த்து தர்மடம் தீவுக்கு முழங்கால் தண்ணீரில் நடந்து போவார்கள், கோட்டை மேல் உட்கார்ந்து வறுத்த கல்லுமக்காய்ச் சிப்பி தின்பார்கள். "வீட்டுக்குள்ளேயே கிடந்தா என்னத்த எழுதுவீங்க? சுவரையா?" என்பது அவள் கட்சி.

அந்தச் சுற்றலில்தான் ஆமினாத்தாவுக்கு இறக்கை முளைத்தது. புருஷன் இறந்த பிறகு வகுப்புக்கு வந்து சேர்ந்தவள், கொஞ்ச நாளில் சனிக்கிழமை போதாமல் தனியாகவும் கிளம்ப ஆரம்பித்தாள். எந்த பஸ் முதலில் வருகிறதோ அதில் ஏறுவது, மனதுக்குப் பிடித்த இடத்தில் இறங்குவது, சாயா குடிப்பது, வீட்டுக்கு வந்து எழுதுவது. அப்படி எழுதியதுதான் 'ஒரு பஸ் தூரம்'. பிரேமஜா அதைப் படித்துவிட்டு ஒரு ராத்திரி முழுக்கச் சிரித்தாள், கடைசியில் அழவும் செய்தாள்.

எங்கள் ஊரில் புத்தக வெளியீடு என்றால் சும்மா இல்லை. ஒருவர் புத்தகத்தை வெளியிட வேண்டும், இன்னொருவர் முதல் பிரதியை வாங்க வேண்டும், வாழ்த்திப் பேச ஒரு டஜன் பெரிய மனிதர்கள் வேண்டும். எழுதினவர் கடைசியில் பேசும்போது நாற்காலி மடக்குகிறவன்தான் மிச்சம் இருப்பான். வெளியிட யார், வாழ்த்த யார் என்பதில் ஆமினாத்தாவுக்கு ஒரு கவலையும் இல்லை. "யாரை வேணும்னாலும் போடுங்க டீச்சரே. வாங்குறது மட்டும் என் இக்காவா இருக்கணும்" என்றுவிட்டாள்.

இக்கா என்றால் அவளுடைய அண்ணன் அபூட்டி ஹாஜி. வாப்பா இறந்ததும் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவர். ஏழாம் கிளாசோடு தங்கையின் படிப்பை நிறுத்தியவரும் அவரேதான். வாங்க வரச் சொல்லி ஆமினாத்தா போய்க் கேட்டபோது, "அடுப்படிக்கும் கிணத்தடிக்கும் நடந்ததையா புத்தகமாப் போட்டிருக்க?" என்று நக்கலடித்தார். அவள் விடவில்லை. மறுபடி போனாள், மறுபடியும் போனாள். கடைசியில், "சரி, வந்து தொலைக்கிறேன். வாங்கிட்டு அப்படியே ஏர்போர்ட் போறேன்" என்றார். அவருக்கு அன்று மத்தியானம் கரிப்பூரிலிருந்து தோஹாவுக்கு விமானம். மகனோடு இருக்கப் போகிறார், இனி திரும்பி வருகிற உத்தேசம் இல்லை.

இதற்கு நடுவில் ஹர்த்தால் என்றால் பிரேமஜா மீன்காரனைத் திட்டுவாளா, கொஞ்சுவாளா?

வீட்டுக்குப் போவதற்குள் பெரிய மனிதர்கள் ஒவ்வொருவராக போன் செய்து, வருத்தம் என்ற பெயரில் சந்தோஷத்தைத் தெரிவித்தார்கள். வெளியிட வேண்டியவர் குரலில் கோழிக்கறி மணமே அடித்தது. கடைசியாக ஆமினாத்தா.

"டீச்சரே, வழியில மறிப்பாங்கன்னு பயந்து இக்கா காலையிலேயே கிளம்புறாராம். புத்தகத்தை பார்சல்ல அனுப்புன்னு சொல்லிட்டாரு." அவள் குரல் உடைந்தது. "பார்சல்ல போனா பிரிச்சே பார்க்க மாட்டாரு. எனக்குத் தெரியாதா அவரை?"

புத்தகமோ வடகரை அச்சகத்தில் இருந்தது. பைண்டிங் பசை காய வேண்டும், காலையில்தான் கொடுக்க முடியும் என்று அச்சகக்காரர் முன்பே சொல்லியிருந்தார். பிரேமஜா மீன் பையை மறு கைக்கு மாற்றினாள். பிறகு, "ஆமினாத்தா, நாளைக்கு என்ன கிழமை?" என்றாள்.

"சனி."

"பாடமா, சுற்றலா?"

"சுற்றல்தான், ஆனா..."

"ஆனாவும் இல்ல ஆவன்னாவும் இல்ல. வடகரைக்குப் போறோம். உங்க இக்கா கார் அந்த வழியாத்தான் போயாகணும். இருக்கறதுல நல்ல சேலையாக் கட்டிக்கிட்டு நில்லுங்க."

ஹர்த்தாலில் மூன்று வண்டியைத்தான் விடுவார்கள்: ஆஸ்பத்திரி வண்டி, பால் வண்டி, கல்யாண வண்டி. பேய்க்கதை எழுதுகிற மாணவன் ஷிபினிடம் சொந்தமாக வேன் இருந்தது. தன் குடும்ப வரலாற்றைத் தலையணை கனத்துக்கு எழுதி வைத்திருக்கும் இன்னொரு மாணவர், வாத்தியார் பவித்ரன் மாஷ், விடிவதற்குள் வந்து முன் கண்ணாடியில் 'கல்யாணம்' என்று கொட்டை எழுத்தில் ஒட்டிவிட்டு, இரண்டு பக்கமும் செவ்வந்தி மாலை கட்டினார். ஆமினாத்தா ஜரிகைக் கரை போட்ட சேலையும் தலையில் பட்டுத் தட்டமுமாக வந்து ஏறினாள்.

"ஆமினாத்தா, நிஜமாவே கல்யாணப் பொண்ணு மாதிரியே இருக்கீங்க!" என்றான் ஷிபின்.

"நீ ரோட்டைப் பாருடா. பேயை எங்கயும் ஏத்திடாத."

மாஹி புதுச்சேரியைச் சேர்ந்தது, அங்கே அன்று ஹர்த்தால் இல்லை. சாயாக்கடை திறந்திருப்பதைப் பார்த்ததும் மாஷ், "சுற்றல்னா சாயா இல்லாமலா?" என்று ஆரம்பித்தார். பிரேமஜா பல்லைக் கடித்தாள். ஆனால் ஆமினாத்தாவே கதவைத் திறந்து இறங்கிவிட்டாள். ஆற்றங்கரையில் நின்று எல்லோரும் வாய் பொசுங்கப் பொசுங்கக் குடித்தார்கள். ஊரே கதவைச் சாத்திக்கொண்டு தூங்கும்போது தாங்கள் மட்டும் மாலை கட்டிய வேனில் கிளம்பியிருக்கிறோம் என்ற நினைப்பில் நான்கு பேருக்கும் காரணமில்லாமல் சிரிப்பு வந்தது.

வடகரையில் அந்தச் சிரிப்பு போயிற்று. அச்சகக்காரர் ஹர்த்தால் தூக்கத்தில் இருந்தார். கதவைத் தட்டித் தட்டி மாஷின் கை சிவந்தது. லுங்கியை இறுக்கிக்கொண்டு அவர் வந்து, "ஹர்த்தால் அன்னைக்கு யாராவது புத்தகம் வாங்க வருவாங்களா?" என்று ஆச்சரியப்பட்டு, சாவியைத் தேடி, கட்டைத் தூக்கிக் கொடுப்பதற்குள் வெயில் ஏறிவிட்டது. ஆமினாத்தா ஒரு பிரதியை எடுத்து முகர்ந்து பார்த்தாள். அண்ணனுக்கு போன் போட்டாள். எடுக்கவில்லை. வீட்டுக்குப் போட்டாள்.

"கிளம்பிட்டாராம். இந்நேரம் வடகரை தாண்டியிருப்பாராம்."

"அப்ப தெற்கே விடு ஷிபின்!" என்றாள் பிரேமஜா. "கரிப்பூர் வரைக்கும் போனாலும் சரி."

'உங்க இக்கா கையில புத்தகத்தைக் கொடுக்காம அவரை விமானம் ஏத்த மாட்டேன்' என்று ஆமினாத்தாவுக்கு வாக்குக் கொடுத்தவள் அவள்தான்.

பையோளிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு முக்கில் ரோட்டின் குறுக்கே பெஞ்சைப் போட்டு மறித்திருந்தார்கள். கொடி, பந்தல், மைக் செட்டு, சுற்றிலும் இளவட்டங்கள். வேனைப் பார்த்ததும் தலைவன் போலிருந்த ஒருவன் வந்து ஜன்னலில் தலையை நீட்டினான். ரினீஷ் என்று யாரோ கூப்பிட்டார்கள்.

"கல்யாணமா? பொண்ணு எங்க?"

ஆமினாத்தா தட்டத்தைச் சரிசெய்துகொண்டு, "நான்தான்டா மோனே" என்றாள்.

"மாப்பிள்ளை?"

"முன்னால போயிட்டான். விமானம் ஏறி ஓடறதுக்குள்ள பிடிக்கணும், பெஞ்சை எடு!"

பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்போதுதான் பந்தலுக்குள்ளிருந்து, "யாருடி அது? ஆமினாவா?" என்று ஓர் அதட்டல் கேட்டது. பிளாஸ்டிக் நாற்காலியில், வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக, கோபத்தில் சிவந்துபோய் உட்கார்ந்திருந்தார் அபூட்டி ஹாஜி.

நடந்தது இதுதான். ஏர்போர்ட் போகிற கிழவர் என்றதும் பையன்கள் இரக்கப்பட்டு விடத்தான் இருந்தார்கள். ஹாஜியார் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல், "கொடி பிடிச்சே நாட்டைக் குட்டிச்சுவராக்கிட்டீங்களேடா" என்று ஆரம்பித்துப் பிரசங்கம் செய்துவிட்டார். "அப்படியா? கொஞ்சம் உக்காருங்க உப்பாப்பா, இன்னும் கேட்கணும்" என்று தாத்தா முறை சொல்லி நாற்காலியைப் போட்டு உட்கார வைத்துவிட்டார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவருடைய முன்கோபத்தால் ஒரு நல்லது நடந்திருக்கிறது!

"நீ எங்கடி இங்க?"

"நீங்க ஓடினீங்க, நான் துரத்தினேன்" என்றாள் ஆமினாத்தா.

"சரி சரி, கொடு அதை. நேரமாச்சு" என்று அவர் கையை நீட்டினார்.

பிரேமஜா குறுக்கே புகுந்தாள். "அப்படி வாங்கினா அது வெளியீடு இல்ல ஹாஜியாரே, கூரியர். முறைப்படிதான் வாங்கணும்." பிறகு ரினீஷ் பக்கம் திரும்பி நடந்த கதை முழுவதையும் உடைத்துச் சொன்னாள். கல்யாணம் பொய் என்றும் சொன்னாள். அவன் முகம் இறுகியது. புத்தகத்தை வாங்கிப் புரட்டினான்.

"எங்க முக்கு இதுல இருக்கா?"

"இருக்கே. இங்கதான் என் செருப்பு அறுந்துச்சு. உங்க ஊர் சாயாவுல சர்க்கரை கொட்டிக் கிடக்கும்னும் எழுதியிருக்கேன்."

"நம்ம பாபுவேட்டன் கடை!" என்று பின்னாலிருந்து ஒருத்தன் கத்தினான். ரினீஷுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "டேய், மைக்கை ஆன் பண்ணு!"

அரசாங்கத்தைத் திட்ட வைத்திருந்த மைக்கில் மாஷ் வரவேற்புரை ஆற்றினார். குடும்ப வரலாற்றுக்குள் நுழையப் போனவரின் சட்டையைப் பிரேமஜா பிடித்து இழுத்தாள். புத்தகத்தை ரினீஷ் வெளியிட்டான். அபூட்டி ஹாஜி இரண்டு கையாலும் வாங்கினார். மறியலில் மாட்டிய லாரிக்காரர்கள் கூடக் கைதட்டினார்கள். வாங்கினவர் இரண்டு வார்த்தை பேசுவது வழக்கம் என்று மைக்கை அவர் வாய்க்கு நேரே பிடித்தார்கள்.

அவர் தொண்டையைச் செருமினார். "எனக்குப் பேச வராது" என்றார். அவருக்கா வராது! பையன்கள் ஓவென்று கத்தினார்கள். அவர் சிரிக்கவில்லை. "இவ சின்னதுல, சர்க்கரை மடிச்சு வர்ற கடுதாசியைக் கூட விரிச்சு வச்சுப் படிப்பா. பள்ளிக்கூடம் போதும்னு நான்தான் நிறுத்தினேன். அப்பவும் இவ எதிர்த்து ஒரு வார்த்தை பேசல." புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பேசியிருக்கலாம்." அதோடு மைக்கைத் தள்ளிவிட்டார்.

ஆமினாத்தா அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. பிரேமஜா சந்தேகமே இல்லாமல் அழுதாள்.

பெஞ்சை எடுத்து வழிவிட்டார்கள். ஹாஜியார் காரில் ஏறி உட்கார்ந்தார், கதவைச் சாத்தவில்லை. முதல் பக்கத்தை விரித்துப் பேனாவோடு நீட்டினார்.

"கையெழுத்துப் போடு."

நிலப் பத்திரம், வீட்டுப் பத்திரம் என்று அவர் நீட்டிய காகிதத்தில் எல்லாம், என்ன ஏது என்று கேட்காமல் காலமெல்லாம் கையெழுத்துப் போட்டவள் ஆமினாத்தா. இப்போதும் பழக்கத்தில் பேனாவை வாங்கிக்கொண்டு, "எங்க போடணும் இக்கா?" என்றாள்.

"எங்க வேணும்னாலும். என்ன வேணும்னாலும் எழுது."

அவள் ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு புத்தகத்தைக் கார் மேல் வைத்து எழுத ஆரம்பித்தாள். ஒரு வரி, இரண்டு வரி, நிற்கவில்லை, பக்கம் நிறைந்து மறுபக்கம் திருப்பினாள். கையெழுத்தைச் சுருக்கமாகப் போடுங்கள் என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்த பிரேமஜா வாயே திறக்கவில்லை. பின்னால் லாரிகள் உறுமின. நேரத்தைப் பார்த்துப் பார்த்துத் தவித்த டிரைவர், கடைசியில் பொறுக்க முடியாமல் ஹார்னில் கை வைத்தான்.

"எடுடா கையை!" என்று அபூட்டி ஹாஜி சீறினார். "விமானம் போனா போகட்டும். அவ எழுதி முடிக்கட்டும்."