பத்துக் குழந்தைக்கு ஒரு குப்பி

1

ஒரே பெயரை இரண்டு பட்டியல்களில் பார்த்தேன். கதை பிறந்தது அதிலிருந்துதான். பகலில் திண்டிவனம் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையமொன்றில் கணினியில் விவரம் பதிகிறேன். மாலையில் போகும் எழுத்து வகுப்புக்காகத் தினம் ஒரு பக்கம் நாட்குறிப்பு எழுதுகிறேன். அதிலொரு பக்கத்தைக் கதையாக்கிப் பார்க்கிறேன்.

முதல் தொடக்கம்: டயானா அழுதுகொண்டே வெளியே
(அவள் அழவில்லை. விட்டுவிடுகிறேன்.)

இரண்டாவது: பொதுச் சுகாதாரச் சேவைகளை நிலையங்கள் தமக்குள் பகிர்ந்துகொள்வது குறித்து
(இது சுற்றறிக்கை.)

மூன்றாவது: டயானாவுக்குக் கோபம்.

இதை வைத்துக்கொள்கிறேன்.

2

டயானா வானூர்ப் பக்கம் கட்டட வேலைக்குப் போகிறவள். மகன் ஜெனித்துக்குப் பத்து மாதம். ஒன்பது முடிந்ததும் போட வேண்டிய தட்டம்மைத் தடுப்பூசி இன்னும் போடவில்லை. புதன்கிழமை எங்களிடம் வந்தாள்.

"மூணு கொழந்தைங்கதாம்மா வந்திருக்குது," என்றார் நர்ஸ் அமலோற்பவமேரி. "குப்பியில பத்துப் பேருக்கு மருந்து. கலக்கினா மீதியக் கொட்டணும். அடுத்த புதன் வா."

"எங்க பக்கத்துத் தெருவுல ரெண்டு புள்ளைங்களுக்கு அம்மை போட்டுக்கினு கெடக்குது சிஸ்டர். அந்த அம்மைகிட்ட போய் அடுத்த புதன் வான்னு சொல்லுங்களேன்!"

அடுத்த புதன் அவள் விழுப்புரம் பக்கத்து நிலையத்துக்குப் போனாள். அங்கே நான்கு குழந்தைகள். அதே பதில்.

(அடிக்குறிப்பு: ஒரு குழந்தை வந்தாலும் குப்பியைத் திறக்கலாம். ஆனால் வீணான மருந்துக்குக் காரணம் எழுத வேண்டும். கணினிப் படிவத்தில் அந்தக் காரணக் கட்டத்துக்குச் சிவப்பு நிறம் கொடுத்தவள் நான்.)

3

விழுப்புரம் பக்கத்து நிலையத்தில் என்னைப் போலவே விவரம் பதிகிறவர் ஆரோக்கியராஜ். அவர் அனுப்பிய, ஊசி பாக்கியுள்ள குழந்தைகள் பட்டியலில் ஜெனித்தின் பெயரைப் பார்த்ததும் போன் செய்தேன்.

"அவங்களா? நாலு பேருதான்னு திருப்பி அனுப்பிட்டாங்க."

"எங்க கிட்ட மூணு."

"மூணையும் நாலையும் கூட்டத் தெரியாமயா ரெண்டு பேரும் கம்ப்யூட்டர் தட்டிக்கினு குந்திகினு இருக்கோம்?"

ஏழு என்றேன். பிறகுதான் தெரிந்தது, ஜெனித்தை இருமுறை எண்ணியிருக்கிறோம். ஆறு.

இரண்டு நிலையங்களுக்கும் நடுவில், மயிலம் போகும் சாலையில் ஓர் அங்கன்வாடி உண்டு. ஒரு நர்ஸ், ஒரு குப்பி, இரு பக்கத்துக் குழந்தைகளும் அங்கே என்று யோசனை சொன்னோம். இரண்டு நிலைய டாக்டர்களும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: "யார் பட்டியல்ல ஏறும்?" குழந்தையின் ஊர் எதுவோ அந்தப் பட்டியலில் என்றோம். சரி என்றார்கள்.

[இங்கே பகிர்தலின் மேன்மை பற்றி ஒரு பத்தி இருந்தது. நீக்கிவிட்டேன்.]

டயானாவை அழைத்தேன்.

"ரெண்டு தபா வேல போச்சு. மேஸ்திரி வேற ஆளப் போட்டுக்கினா, நீ வந்து கல்லு தூக்குவியா?"

"இந்தத் தடவை கண்டிப்பாப் போடுவாங்கக்கா."

"இதான் கடைசி. பேஜாரு பண்ணாதீங்க."

4

[அமலோற்பவமேரி. இருபது வருடமாக ஊசி போடுகிறவர். கல்நெஞ்சக்காரியாக எழுதினேன், பொருந்தவில்லை. தியாகியாகவும் பொருந்தவில்லை. காலியாக விடுகிறேன்.]

5

புதன், காலை ஒன்பதே கால், அங்கன்வாடி. டயானா மட்டும் வந்திருக்கிறாள். மற்ற ஐந்து பேரைக் காணோம்.

முடிவு அ: ஐவரும் ஒரே பேருந்தில் வந்து இறங்குகிறார்கள். (எங்கள் ஊர்ப் பேருந்துகள் அவ்வளவு நல்லவை அல்ல.)

முடிவு ஆ: காத்திருக்கச் சொல்கிறார் நர்ஸ். டயானா பையனைத் தூக்கிக்கொண்டு

இந்த வாக்கியத்தை முடிக்க என்னால் முடியவில்லை.

நாட்குறிப்பில் இருப்பது இது: அமலோற்பவமேரி சாலையைப் பார்த்தார். டயானாவைப் பார்த்தார். ஐஸ் பெட்டியிலிருந்து குப்பியை எடுத்தார்.

"ஒரு கொழந்தைதாங்க சிஸ்டர்," என்று சொன்னது, வெட்கமாக இருக்கிறது, நான்.

"எனக்கும் கண்ணு தெரியுதும்மா. புள்ள கையப் புடி."

ஜெனித் வீறிட்டான். டயானா அவனைத் தோளில் போட்டுத் தட்டினாள். கிளம்புவாள் என்று நினைத்தேன். உட்கார்ந்துவிட்டாள்.

"மத்தவங்க நம்பர் இருக்குதா? குடு. நீ பேசினா ஆபீஸ்காரின்னு பயந்துக்குவாங்க. நான் கூப்புடறேன்."

கலக்கிய மருந்து நான்கு மணி நேரம்தான் தாங்கும். எத்தனை பேர் வந்தார்கள் என்பது எனக்குத் தெரியும். எழுதப்போவதில்லை. டயானா முதல் எண்ணை அழுத்திவிட்டாள். மணி அடிக்கிறது. எடுக்க வேண்டியது நீங்கள்.