பூசணம் பிடித்த சுருட்டுகள்

நாற்பத்தொரு வருடக் குடித்தனத்தில் பத்மாவதி தன் புருஷனின் சுருட்டைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னது கிடையாது. கல்யாணமான மூன்றாம் வருடம் ஒரு பெட்டிச் சுருட்டை அப்படியே வாளித் தண்ணீரில் முக்கியவள் அவள். ஏரம்பமூர்த்தி துறைமுக ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த மனிதர், கோபத்தைக்கூட ஃபைலில் போட்டு வைப்பவர். அதற்குப் பிறகு வீட்டில் எந்தச் சண்டை வந்தாலும் "நீ வாளியில முக்குனவதானே" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்.

அப்படிப்பட்டவள்தான் இந்த வருடம் சுருட்டைக் காட்டி அவரை நடக்க வைத்தாள்.

ஆகஸ்டில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சுக்கும் நினைவுக்கும் ஒன்றும் ஆகவில்லை. இடது கையும் காலும்தான் சொன்னபடி கேட்க மறுத்தன. ஆஸ்பத்திரியிலிருந்து பினாங்கு ஆயர் ஈத்தாமில் இருக்கும் பன்னிரண்டாவது மாடி வீட்டுக்கு வந்தவர், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். வாரம் இரண்டு முறை வரும் பிசியோ ஜெகதீஸ்வரி கெஞ்சியும் மிரட்டியும் பார்த்தாள். சிங்கப்பூரிலிருந்து மகள் பிரஷாந்தி போனில் அழுதாள். மனிதர் அசைந்து கொடுக்கவில்லை.

ஒரு நாள் பத்மாவதிக்குப் பொறுக்கவில்லை.

"எழும்பி பால்கனி வரைக்கும் நீங்களா நடந்து வாங்க. யாரும் புடிக்கக்கூடாது. வந்தீங்கன்னா என் கையாலேயே ஒரு சுருட்டு பத்த வச்சுத் தர்றேன்."

அவர் மெதுவாகத் திரும்பினார். "டாக்டரு?"

"அவருகிட்ட யாரு சொல்லப் போறா?"

மறுநாள் காலையில் கட்டில் விளிம்பைப் பிடித்து எழுந்து நின்றார். ஜெகதீஸ்வரிக்கு ஒன்றும் புரியவில்லை. என்ன மருந்து கொடுத்தீங்க அக்கா என்று கேட்டாள். பத்மாவதி சிரித்து மழுப்பிவிட்டாள்.

அலமாரியில் இருந்த அவருடைய பெட்டியில் பதினொரு சுருட்டு இருந்தது. "மூடியே வை பத்மா, தொடாதே" என்று அவர் சொல்லியிருந்தார். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் நாற்பத்தொரு வருடம் கரித்துக்கொட்டிய சாமான் இப்போது அவளுடைய பொறுப்பாகிவிட்டது. அவர் அடியெடுத்து வைப்பதெல்லாம் அதற்காகத்தான் என்று தெரிந்தபின் சும்மா இருக்க அவளால் முடியவில்லை. டொரோண்டோவில் இருக்கிற கொழுந்தன் ஹரிசங்கரும் சுருட்டுக்காரன். அவனைப் போனில் கூப்பிட்டாள்.

"காஞ்சு போக மட்டும் விட்டுடாதீங்க அண்ணி, வெடிச்சுப் போயிடும். உள்ள ஒரு ஸ்பாஞ்ச் இருக்கும் பாருங்க. நாலு நாளைக்கு ஒருக்கா நல்லா நனைச்சு வைங்க."

அவன் ஊருக்கு அது சரிதான். வெளியே பனியும் வீட்டுக்குள் ஹீட்டருமாக அங்கே மனுஷன் உதடே வெடிக்கிறது. இங்கே மழைக்காலத்தில் துவைத்துப் போட்ட துண்டு மூன்று நாளானாலும் காயாது. டப்பாவில் உப்பு தானாகவே தண்ணீராகிக் கிடக்கும். இது தெரியாதவளா பத்மாவதி? தெரிந்தும் ஹரி சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். நாலு நாளைக்கு ஒரு தரம், விளக்கேற்றுகிற பக்தியோடு, மேல்தட்டு ஸ்பாஞ்சைச் சொட்டச் சொட்ட நனைத்து வைத்து, பெட்டியைத் துணியில் சுற்றி அலமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். சுருட்டு இருந்த கீழ்த்தட்டை மட்டும் திறக்கவில்லை. தொடாதே என்றாரே.

செப்டம்பரில் நாலு எட்டு நடந்தார். அக்டோபரில் சாப்பாட்டு மேசை வரை. நவம்பரில் ஒரு புதன்கிழமை கைத்தடியோடு சோபாவைத் தாண்டி வந்து, மூச்சு வாங்க, "நாளைக்குப் பால்கனி" என்றார்.

அன்று சாயங்காலம் நல்லதாக ஒன்றை எடுத்து வைக்கலாம் என்று கீழ்த்தட்டைத் திறந்தாள். நனைந்த குடையை மடக்கியே வைத்திருந்தால் வருமே, அந்த வாடை முகத்தில் அடித்தது. பதினொன்றின் மேலும் வெள்ளை வெள்ளையாகப் பூசணம். சிலவற்றில் பச்சை பூத்திருந்தது. அவசரமாகத் தட்டை மூடினாள்.

உண்மையைச் சொல்லிவிட வேண்டியதுதானே? யாருக்கும் இப்படித்தான் தோன்றும். ஆனால் யார் நம்புவார்? வாளியில் முக்கியவள் மறுபடியும் முக்கிவிட்டாள், ஆசை காட்டி மோசம் செய்துவிட்டாள் என்றுதான் அவர் நினைப்பார். மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுவார். அந்தப் பயத்தில் அவளுக்கு ராத்தூக்கம் போனது.

வியாழக்கிழமை அவர் வந்தே விட்டார். யாரும் பிடிக்காமல், பால்கனி நாற்காலியில் வந்து உட்கார்ந்து, முகமெல்லாம் வேர்வையாக, வலது கையை நீட்டினார்.

"அதென்ன, இவ்வளவு நடந்தா போதுமா?" என்றாள் பத்மாவதி. தன் குரல் தனக்கே பிடிக்கவில்லை. "லிஃப்ட் வரைக்கும் நடங்க. அப்பத்தான்."

அவர் கையை மடக்கிக்கொண்டார்.

"ரூல மாத்திட்டியா? கவர்மெண்டுலகூட மாத்துனா ஒரு சர்க்குலர் அனுப்புவாங்க லா" என்று சொல்லிச் சிரித்தார். பிறகு, "சரி. லிஃப்ட்" என்றார்.

அவர் சண்டை போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

சனிக்கிழமை மத்தியானம் அவர் சாப்பிட்டுக் கண்ணயர்ந்ததும், பெட்டியைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு கிராப் டாக்சி பிடித்து சூலியா தெருவுக்குப் போனாள். அவருக்கு முப்பது வருடமாகச் சுருட்டு விற்கிற ஷேக் அலாவுதீனின் கடை அங்கேதான். அதே மாதிரி ஒன்று வாங்கி வந்து, ஒன்றும் நடக்காதது போல் கையில் கொடுத்துவிடலாம் என்பது அவள் கணக்கு.

அலாவுதீன் பெட்டியைத் திறந்து பார்த்தார். பதறவில்லை. மேசைக்கடியிலிருந்து ஒரு மெல்லிய பிரஷை எடுத்து, ஒவ்வொன்றாக நீவி, வெட்டிய நுனியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"மூணு போச்சு அக்கா, உள்ள எறங்கிடுச்சு. மத்த எட்டும் ஒண்ணும் இல்ல, மேலாப்புலதான். தொடச்சு, ரெண்டு நாளு ஏர்கான் ரூமுல தொறந்து வச்சா போதும். இந்த ஸ்பாஞ்ச எதுக்கு நனைச்சீங்க? பினாங்கு காத்தே தண்ணிதானே."

"இவருக்குத் தெரிஞ்சா…"

"அண்ணனுக்கா?" அவர் சிரித்தார். "வருஷா வருஷம் மழைக்காலத்துல இங்க கொண்டாந்து அவரே தொடச்சுக்கிட்டுப் போவாரு. இந்த ஊருல சுருட்டு வச்சிருக்கிறவனுக்குப் பூசணம் தெரியாதா?"

பத்மாவதி அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். இவ்வளவுதானா? இதற்குத்தானா மூன்று நாள் தூங்காமல் கிடந்தாள், அந்த நீட்டிய கையைத் திருப்பியனுப்பினாள்? வெட்கமாக இருந்தது. கூடவே, எத்தனையோ நாளைக்குப் பிறகு மனசு லேசாகவும் இருந்தது. வீட்டுக்குப் போனதும் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். வாளிக்காரி என்று எத்தனை தரம் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும். லிஃப்டும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். இரண்டு நாள் கழித்துப் பால்கனியில் பற்ற வைத்துக் கொடுப்பாள்.

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே திரும்பி வந்தாள். பன்னிரண்டாவது மாடியில் லிஃப்ட் கதவு திறந்தது.

ஏரம்பமூர்த்தி எதிரே தரையில் கிடந்தார். பக்கத்து வீட்டுப் புவனேஸ்வரன் அவர் தலையை மடியில் தாங்கி உட்கார்ந்திருந்தார். கைத்தடி தள்ளிக் கிடந்தது.

"இப்பத்தான் ஆன்ட்டி, அஞ்சு நிமிஷம்கூட ஆகல. ஆம்புலன்சுக்குச் சொல்லிட்டேன்." என்றார் புவனேஸ்வரன். "தனியா நடந்து வந்தாரு. நான் புடிக்கவா அங்கிள்னு கேட்டேன். வேணாம், புடிச்சா செல்லாதுன்னாரு. இதுவரைக்கும் வந்து, கையால லிஃப்ட் கதவைத் தொட்டாரு. அப்படியே சாஞ்சிட்டாரு."

பத்மாவதி குனிந்து அவர் மூக்கருகே கையை வைத்துப் பார்த்தாள். மூச்சு வரவில்லை. பிறகு பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். படுக்கையிலேயே இருந்திருந்தாலும் இது வந்திருக்கும் என்று டாக்டர் பிறகு சொன்னார். மகளும் சொன்னாள். அவள் அதை நம்பவில்லை, கடைசிவரை நம்பவும் போவதில்லை.

அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான். அவர் காதோரம் குனிந்தாள்.

"பூசணம் புடிச்சுப் போச்சுங்க. நான்தான் தண்ணிய ஊத்திட்டேன். வேணும்னு செய்யல" என்றாள். ஆம்புலன்ஸ் ஆட்கள் வந்து அவளை விலக்கும்வரை அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.