யாரென்று கேட்காத விடுதி

கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் சேர்ந்து, நோயாளிகளின் குடும்பங்களுக்காகச் சூலியா தெருவில் நடத்தும் விடுதி அது. யார், எவர் என்று கேட்காமல் சோறும் பாயும் கொடுப்பார்கள். கூறுகெட்ட புண்ணியம். தங்கராஜுவின் மகனைப் பாராங் கத்தியால் வெட்டி, தானும் வெட்டுப்பட்டு ஆஸ்பத்திரியில் கிடப்பவனின் அப்பா சிவநேசனையும் தங்கராஜு தங்கியிருந்த அறையிலேயே தங்கவைத்துவிட்டார்கள்.

ஆளை அடையாளம் கண்டதுமே தங்கராஜு அவன் மண்டையைச் சுவரில் மோதினான். ரத்தம் தெறித்தது.

“என் புள்ள கை போச்சுடா” என்று கழுத்தை நெரித்தான்.

விடுதியைப் பார்த்துக்கொள்ளும் ஹாரூன் பாய் ஓடிவந்து விலக்கினார். தங்கராஜுவின் முழங்கை அவர் உதட்டைக் கிழித்தது.

“விடுங்கண்ணே. அவர் பையனுக்கு இப்பதான் உயிர் போயிருச்சு. அத சொல்லத்தான் வந்தேன்.”

தங்கராஜுவின் பிடி தளர்ந்தது. சிவநேசன் திருப்பி அடிக்கவில்லை. கீழே விழாமலிருக்க, தங்கராஜுவின் சட்டையைத்தான் இரு கைகளாலும் பற்றிக்கொண்டான்.