பின்சுவர் ஜன்னல்

ஒரு சர்க்கரைத் துண்டுக்காக ஒரு குடும்பம் இரண்டாகப் பிளக்குமா என்று கேட்டால், பிளக்கும். சொத்துக்காகப் பிளக்கிறவர்களுக்காவது கடைசியில் ஆளுக்குப் பாதி மிஞ்சும். இந்த வீட்டில் சண்டை ஒரு ஜன்னலுக்கு. அதுவும் பிஸ்கட் வீட்டு ஜன்னல். வாயில் போட்டால் கரைந்துவிடும்.

வருஷக் கடைசி விடுமுறைக்குக் குடும்பம் கூடும்போது மேஜை நடுவில் ஒரு பிஸ்கட் வீடு நிற்கும். கட்டுகிறவள் இந்த வீட்டுக்காரி. தெருவில் தையல்காரம்மா என்றால்தான் தெரியும். சுவருக்கும் கூரைக்கும் பழுப்புத் தாளில் அளவு வெட்டி, ரவிக்கை அளவுகளோடு சேர்த்து ஆணியில் மாட்டி வைத்திருக்கிறாள். மாவை விரித்துத் தாளை மேலே போட்டுச் சுற்றிக் கத்தி ஓட்டுவாள். சுவரில் ஆளுக்கு ஒரு ஜன்னல் ஓட்டை. வெந்த பிறகு அதில் உருக்கிய சர்க்கரையை ஊற்றினால் கண்ணாடியாக இறுகும். ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம். சாப்பாடு முடிந்ததும் அறை விளக்கை அணைத்து, பிஸ்கட் வீட்டுக்குள் இருக்கும் குட்டி பல்பை எரியவிடுவார்கள். பிறகு அவரவர் ஜன்னலை அவரவர் உடைத்துத் தின்ன வேண்டும். அடுத்தவருடையதைத் தொடக்கூடாது. ஒருமுறை ஓரகத்தி மறதியாகத் தன் புருஷன் ஜன்னலைக் கடித்துவிட்டு, அடுத்த விடுமுறை வரை அதற்குப் பேச்சு வாங்கினாள்.

பல்பு வைக்கிறவர் அவள் கணவர். ஊருக்கெல்லாம் ஒயரிங் செய்த மனிதர். போன கோடையில், மதியச் சாப்பாட்டுக்குக் கை கழுவப் போனவர் குழாயடியிலேயே சரிந்துவிட்டார். திறந்த குழாய் மூடாமல் ஓடிக்கொண்டிருந்தது. அவள் முதலில் போய்க் குழாயைத்தான் மூடினாள்.

அன்றிலிருந்து அவளுக்கு மனசில் எதுவும் ஏறவில்லை. அழுகை வரவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் கட்டிக்கொண்டு அழுதபோது, அவர்கள் முதுகைத் தட்டிக் கொடுத்து அனுப்பினாள். "கல்லு மாதிரி இருக்கா பாரு" என்று வாசல் தாண்டியதும் பேசிக்கொண்டார்கள். அவள் காதிலும் விழுந்தது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும் என்று நினைத்துக்கொண்டு, ஒத்திவைத்த துணிகளைத் தைக்க உட்கார்ந்தாள். ஒருத்திக்கும் அளவு பிசகவில்லை.

இந்த வருஷம் பிஸ்கட் வீடு வேண்டாம் என்று யாராவது சொல்லியிருந்தால் சரி என்றிருப்பாள். யாரும் சொல்லவில்லை. மகள் போனில் வேறு சொன்னாள்.

"அம்மா, அப்பா ஜன்னல் இருக்கணும். பச்சைதான். இல்லைன்னா நான் வரல. இப்பவே சொல்லிட்டேன்."

"சரி."

மறுநாள் கொழுந்தன் வந்தான். பள்ளிக்கூட வண்டி ஓட்டுகிறவன், சத்தமாகப் பேசியே பழகிய ஆள். அன்றைக்குத் தையல் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து, நூல்கண்டை உருட்டிக்கொண்டே மெதுவாகப் பேசினான்.

"அண்ணி, அண்ணன் ஜன்னல் வேண்டாம். எல்லாரும் உடைச்ச பிறகு அது மட்டும் அப்படியே நிக்கும். யாரு உடைக்கிறது? அதைப் பார்த்துக்கிட்டு என்னால உட்கார முடியாது. வெச்சீங்கன்னா நாங்க வரல."

"சரிப்பா."

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். இடி விழுவது மத்தளத்துக்கு உறைக்க வேண்டுமே. கருமாதி அன்று, அவர் படத்தை எந்தச் சுவரில் மாட்டுவது என்று இந்த இரண்டு பேரும் வாக்குவாதம் செய்ததில் தொடங்கியது பிணக்கு. சித்தப்பாவும் மகளும் அதற்குப் பிறகு பேசிக்கொள்ளவில்லை. இந்த மேஜையும் கலைந்தால் அதற்கப்புறம் அவர்களை ஒன்றாக உட்கார வைக்க இன்னொரு மேஜை இல்லை. அவளுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. பக்கத்து வீட்டுச் செய்தி தெரிகிற மாதிரி தெரிந்திருந்தது.

விருந்தன்று காலையில் வெண்ணெயையும் சர்க்கரையையும் குழைத்து, இஞ்சித்தூளும் பட்டைத்தூளும் மாவும் சேர்த்துப் பிசைந்தாள். ஆணியிலிருந்து பழைய தாள்களை எடுத்தாள். அளவு மாற்றலாமா என்று ஒரு நிமிடம் நின்றாள். மாற்றத் தோன்றவில்லை. போன வருஷத்து வெட்டுப்படியே வெட்டி ஓவனில் வைத்தாள். சுவர்கள் எல்லா ஓட்டைகளோடும் வெந்து வந்தன. கதவுக்கு மேலே இருக்கும் கணவர் ஜன்னலும் அதில் இருந்தது.

சிவப்பு மிட்டாய்களை நொறுக்கி உருக்கினாள். கொழுந்தனுக்கு ஊற்றினாள். ஓரகத்திக்கு மஞ்சள். மகளுக்கு நீலம், மருமகனுக்கு ஆரஞ்சு. முன்சுவர், பக்கச் சுவர்கள் என்று வரிசையாக வந்து, கடைசியில் பச்சை மிட்டாயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

தையற்காரிக்கு ஒரு புத்தி உண்டு. வளர்கிற பிள்ளைக்குப் பாவாடை தைத்தால் ஓரத்துத் துணியை வெட்டி எறிய மாட்டாள். உள்ளே மடித்துத் தைப்பாள். வேண்டுமென்கிறபோது பிரித்துவிட்டுக்கொள்ளலாம். அவள் பச்சையை ஊற்றினாள். இறுகிய பிறகு, மிச்ச மாவில் சுட்ட ஒரு சின்னப் பலகையை அதன்மேல் மூடி, ஓரத்தில் மட்டும் பொட்டளவு சர்க்கரைப் பசை தொட்டு ஒட்டினாள். ஜன்னல் இருக்கிறது, சாத்தியிருக்கிறது. பாம்பும் செத்தது, தடியும் உடையவில்லை. கெட்டிக்காரத்தனமான வேலைதான். போன வருஷமாக இருந்தால் அவரைக் கூப்பிட்டுக் காட்டிப் பெருமை அடித்திருப்பாள்.

அடுப்பை அணைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். ஒவ்வொரு வருஷமும் இந்தக் கட்டத்தில் குளிக்கப் போவது வழக்கம். திரும்பி வந்தபோது சமையலறையில் ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. கருகல் வாடை இல்லை. மற்ற வருஷங்களில் இந்த நேரத்தில் வீடு முழுக்கச் சர்க்கரை தீய்ந்த நாற்றம் அடிக்கும், எல்லாக் கதவையும் திறந்துவிட வேண்டியிருக்கும். இந்த வருஷம் சுத்தமாக இருந்தது. நல்லதாயிற்று என்று, முட்டை வெள்ளைக்கருவில் சர்க்கரைப் பொடி அடித்த பசையால் முன்சுவரை நிறுத்தினாள். பக்கச் சுவர்களை நிறுத்தினாள். தட்டில் கிடந்த பின்சுவரை எடுத்து ஒட்டிக் கூரையைப் போட்டாள். பல்பை அவர் பெட்டியிலிருந்து எடுத்து, வீடு நிற்கும் அடிப்பலகையின் ஓட்டை வழியாக உள்ளே வைத்தாள். அது எப்படி வைப்பது என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இத்தனை வருஷம் பார்த்ததுதான்.

பொழுது சாய எல்லாரும் வந்தார்கள். துணி வெட்டும் மேஜைமேல் விரிப்புப் போட்டு, பிஸ்கட் வீட்டைச் சுவரோரமாக நகர்த்திவிட்டுத்தான் சாப்பிட்டார்கள். மருமகன் பருவநிலை பற்றிப் பேசினான். ஓரகத்தி அதற்கு "ஆமா, ஆமா" போட்டாள். சித்தப்பாவும் மகளும் ஆளுக்கொரு கோடியில் உட்கார்ந்து, உப்பு வேண்டுமென்றாலும் சுற்றுவழியாகக் கேட்டு வாங்கினார்கள்.

மகள்தான் முதலில் பார்த்தாள்.

"இதென்னம்மா, அப்பாவோடதை அடைச்சு வெச்சிருக்கே?"

"உள்ள இருக்கு. சாத்தியிருக்கேன்."

"எதுக்கு?"

அவள் பதில் சொல்வதற்குள் மகள் நகத்தைப் பலகையின் ஓரத்தில் கொடுத்துவிட்டாள்.

"தொடாதம்மா," என்றான் கொழுந்தன். கருமாதிக்குப் பிறகு மகளிடம் அவன் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

"எங்கப்பா ஜன்னல். நான் தொடுவேன்."

"எனக்கு அண்ணன் இல்லையா? என்னமோ நீ மட்டும் பறிகொடுத்த மாதிரி!"

"மறைச்சு வெக்கச் சொன்னது நீங்கதானே? அதுக்குள்ள மனுஷன் இருந்த அடையாளமே வேண்டாமா?"

"அண்ணி, இதுக்குத்தான் நான் வரலன்னு சொன்னேன்." கொழுந்தன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு எழுந்தான். மகள் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். மருமகன் எழுவதா வேண்டாமா என்று தெரியாமல் பாதி எழுந்து நின்றான்.

தையல்காரம்மா தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். போகட்டும் என்று இருந்தது. எல்லாரும் போய்விட்டால் மேஜையைத் துடைத்துவிட்டுப் படுக்கலாம். அப்படித் தோன்றியது அவளுக்கே கொஞ்சம் பயமாக இருந்தது. அந்தப் பயமும் எங்கேயோ தூரத்தில் இருந்தது.

ஓரகத்திக்குச் சண்டை என்றால் ஆகாது. "ஐயோ, லைட்டப் போட்டுப் பார்த்துட்டாவது சண்டை போடுங்களேன்" என்று சொல்லிக்கொண்டே அறை விளக்கை அணைத்து, பல்பின் சுவிட்சைத் தட்டினாள்.

சிவப்பும் மஞ்சளும் நீலமும் ஆரஞ்சுமாகப் பிஸ்கட் வீடு எரிந்தது. கதவுக்கு மேலே, சாத்திய பலகையின் ஓரத்தில் ஒரு பச்சைக் கோடு தெரிந்தது. ஆனால் யாரும் அதைப் பார்க்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் அறைச் சுவரில், நிறமே இல்லாமல், கண் கூசுகிற மாதிரி வெள்ளையாக ஒரு சதுர வெளிச்சம் விழுந்திருந்தது.

மருமகன் அடிப்பலகையோடு வீட்டைத் திருப்பினான். பின்சுவரில் ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஓட்டை. உள்ளே பல்பும் ஒயரும் அப்பட்டமாகத் தெரிந்தன.

"இது யாரோடது?" என்றான் அவன். இந்தக் குடும்பத்துக்கு அவன் புதிது, இது அவனுக்கு இரண்டாவது விருந்துதான்.

"அம்மாவோடது," என்றாள் மகள். "அம்மா, உன் ஜன்னல் எங்கே?"

"அதை உங்கப்பாதானே ஊத்துவார்?" என்றாள் அவள்.

மிகச் சாதாரணமாகத்தான் சொன்னாள். பால் யார் வாங்கி வருவது என்று கேட்டால் சொல்கிற பதில் மாதிரி. சொல்லி முடித்தபின் கையில் தட்டுகளோடு அப்படியே நின்றாள்.

ஒவ்வொரு வருஷமும் அவள் குளிக்கப் போகிற நேரத்தில் அவர் அடுப்படிக்கு வருவார். சமையலில் அந்த மனிதருக்குத் தெரிந்த ஒரே காரியம் அது, அதுவும் தெரியாது. நிறம் எதுவும் போடாமல் வெறும் சர்க்கரையை உருக்குவார். ஒயர் முறுக்குகிற யோசனையில் தீய விட்டுவிடுவார். பழுப்பாக, கசப்பாக ஒரு ஜன்னல் வரும். "உன் குணத்துக்கு ஏத்த கலர்" என்பார். அவளும் முகத்தைச் சுளித்துக்கொண்டு முழுவதையும் தின்பாள். இன்றைக்குக் காலையில் அவர் ஜன்னலுக்கு வழி தேடிக்கொண்டிருந்தவள், தன்னுடையதை அவருக்காக விட்டுவைத்துவிட்டுக் குளிக்கப் போயிருக்கிறாள்.

"ஊத்தி வெச்சிருப்பார்னு..." என்று தொடங்கினாள். வாக்கியம் முடியவில்லை. ஓரகத்தி வந்து தட்டுகளை வாங்கிக்கொண்டாள்.

மகள் பையைக் கழற்றி நாற்காலியில் வைத்தாள். சமையலறைக்குப் போனாள். கொழுந்தன் கொஞ்ச நேரம் அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அவள் பின்னாலேயே போனான். உள்ளே டப்பாக்கள் உருளும் சத்தம் கேட்டது.

"சர்க்கரை எவ்வளவு சித்தப்பா?"

"எனக்கென்னம்மா தெரியும்? ஒரு கை போடு."

"தண்ணி?"

"அண்ணன் ஊத்துவாரா?"

"தெரியல. நான் பார்த்ததில்ல."

"நானும்தான். தீயைக் குறை. குறைன்னா ஏத்துறியே!"

"நீங்க கிளறுங்க முதல்ல."

தையல்காரம்மா மேஜையருகே உட்கார்ந்திருந்தாள். முதலில் சர்க்கரை உருகுகிற இனிப்பு வாசனை வந்தது. பிறகு அது தடித்தது. பிறகு அந்தப் பழைய வாடை, திரைச்சீலையிலும் புடவையிலும் நாள்கணக்கில் தங்குகிற அந்தத் தீய்ந்த நாற்றம், வாசற்படி தாண்டி மெல்ல அறைக்குள் வந்தது. கண்ணீர் கன்னத்தில் இறங்கி முகவாய்க்கு வந்த பிறகுதான் அழுகிறோம் என்பதே அவளுக்குத் தெரிந்தது.

கொழுந்தன் கரண்டியோடு வாசற்படிக்கு ஓடி வந்தான்.

"கருகுது அண்ணி! அணைச்சிடவா?"

அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் கருகட்டும்," என்றாள்.