மேடைக்கு அடியில்

சமூகக்கூடத்தில் அவனுக்கு நாற்காலி என்றே பேர். விரிப்பதும் அவன்தான், மடிப்பதும் அவன்தான் என்பதால் யாரோ எப்போதோ அப்படிக் கூப்பிட, அதுவே ஒட்டிக்கொண்டது. "ஏ நாற்காலி, இந்த வரிசையில ரெண்டு போடு" என்றால் அவனைத்தான் சொல்கிறார்கள். தேர்தல் அறிவித்த நாளிலிருந்து அவன் மனைவிக்கு இதை வைத்து ஒரே கிண்டல்.

"ஊரே நாற்காலிக்கு அடிச்சுக்குது. தூக்கிச் சுமக்கிறது மட்டும் நீங்க."

சிரிப்பான். சத்தமில்லாமல்தான் சிரிப்பான். அவர்கள் குடியிருக்கும் இடம் அப்படி.

கூடத்து மேடை பலகையால் ஆனது. முன்பக்கம், தரையை ஒட்டி, ஒரு குட்டிக் கதவு உண்டு. குனிந்து தவழ்ந்துதான் உள்ளே போக முடியும். மடித்த நாற்காலிகளை அடுக்கி வைக்கிற இடம் அது. அடுக்குகளுக்குப் பின்னால், சுவரோரம், ஒரு பாய் விரிக்கிற அகலத்துக்கு இடம் மிச்சம் இருந்தது. அங்கேதான் இரண்டு பேரும் குடியிருந்தார்கள். நிமிர்ந்து உட்கார்ந்தால் உச்சந்தலை பலகையில் இடிக்கும். புரண்டு படுத்தால் நாற்காலிக் கால் முதுகில் குத்தும். சமையல் கிடையாது. குளியல் கூடத்துக் கழிவறையில், விடியுமுன்னே. யாருக்கும் தெரியாது. தெரிந்தால் இடமும் போகும், வேலையும் போகும்.

முன்பு ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தவர்கள்தான். வீட்டுக்காரர் வாடகையை ஏற்றினார். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் கொடுத்தார்கள். மறுபடி ஏற்றினார். "கட்டுப்படியாகலேன்னா காலி பண்ணிக்கோங்க, நான் ஒண்ணும் கட்டாயப்படுத்தல" என்றார் ரொம்பப் பெருந்தன்மையாக. அவள் சலவைக் கம்பெனியில் ஆஸ்பத்திரித் துணி துவைக்கிறாள். இவன் இங்கே. இரண்டு சம்பளத்தையும் சேர்த்துப் பிடித்தாலும் எந்தக் கதவும் திறக்கவில்லை. திறந்த இடத்திலும் முதலில் அட்வான்ஸ் கேட்டார்கள். நாலு நாள் இங்கே சமாளிப்போம் என்று பாயைச் சுருட்டிக்கொண்டு நுழைந்தார்கள். மழைக்காலம் போய் வெயிலும் வந்துவிட்டது.

கூட்டம் நடக்கிற நாளில் நாற்காலிகள் எல்லாம் வெளியே வந்துவிடும். அப்போது மேடைக்கு அடியில் ஏகப்பட்ட இடம்.

"அரண்மனை மாதிரி இருக்குங்க" என்பாள்.

"அரண்மனைதான். ஆனா தும்மக் கூடாது."

அதற்காக ஒரு ஏற்பாடு வைத்திருந்தார்கள். வெளியிலிருந்து அவன் பலகையில் ஒரு தட்டு தட்டினால், ஆள் இருக்கிறது, அசையாதே. இரண்டு தட்டு தட்டினால், யாரும் இல்லை, வெளியே வரலாம். தட்டுவது எப்போதும் அவன்தான். உள்ளேயிருந்து அவள் ஒருநாளும் தட்டியதில்லை.

வேட்பாளர்கள் மூன்று பேரும் ஒரே மேடையில் உட்கார்ந்து பொதுமக்கள் கேள்விக்குப் பதில் சொல்லப் போகிறார்கள் என்று சுவரொட்டி ஒட்டியதும் அவள் பிடித்துக்கொண்டாள்.

"நீங்கதானே மைக்கை எடுத்துக்கிட்டு ஆள் ஆளாப் போறீங்க? ஒரு தடவை உங்க வாய்கிட்ட வெச்சுக்குங்களேன்."

"மைக் தூக்கறவன் பேசக் கூடாது."

"ஆமா, தூக்கறவன் பேசக் கூடாது, உட்காந்திருக்கறவன் பேசலாம். நல்லா இருக்கு உங்க நியாயம்."

"சரி, என்னன்னு கேக்கச் சொல்ற?"

அவள் ரொம்ப நாளாக யோசித்து வைத்திருந்தாள் போல. தயங்கவே இல்லை. "ரெண்டு பேரும் ஒழுங்கா வேலை பாக்கறோம். சாயங்காலம் வந்தா நாங்களே சாவி போட்டுத் திறக்கற மாதிரி ஒரு கதவு எங்களுக்கு ஏன் இல்ல? அதைக் கேளுங்க, போதும்."

அவன் பார்க்கலாம் என்றான். பார்க்கலாம் என்றால் மாட்டேன் என்று அவளுக்குத் தெரியும்.

கூட்டம் சாயங்காலம் என்றுதான் சொல்லியிருந்தார்கள். அன்றைக்குப் பார்த்து அவளுக்குக் காய்ச்சல். கம்பெனியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். யாரும் இல்லாத நேரம் பார்த்து வந்து, உள்ளே புகுந்து, போர்த்திக்கொண்டு படுத்துவிட்டாள். கூட்டத்துக்கு முன்னால் எழுப்பி வெளியே அனுப்பலாம் என்று இவன் நாற்காலிகளை ஒவ்வொன்றாக இழுத்து விரித்துக்கொண்டிருந்தான். மதியச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே மேனேஜர் வந்து நின்றார், பின்னால் ஒலிபெருக்கிக்காரர்களோடு.

"நேரத்தை மாத்திட்டாங்கய்யா. அவங்களுக்கு வேற ஊர்ல ஒரு கூட்டமாம். இப்பவே ஆளுங்க வந்துடுவாங்க."

அவன் பலகையில் ஒரு தட்டு தட்டிவிட்டுக் குட்டிக் கதவைச் சாத்தினான். ஆள் உயர ஸ்பீக்கர் பெட்டியை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

"அந்தக் கதவை மறைச்சு வைங்க. பாக்க அசிங்கமா இருக்கு" என்றார் மேனேஜர்.

"சார், இன்னும் நாற்காலி எடுக்கணும்."

"எடுத்தது போதும். இவங்களுக்கு இவ்வளவு கூட்டமே அதிகம்."

பெட்டி கதவோடு ஒட்டி உட்கார்ந்தது. இனி அவளாக நினைத்தாலும் வெளியே வர முடியாது.

கூடம் நிரம்பியது. மேடையில் வக்கீல், டீச்சர், கட்டடக் கம்பெனிக்காரர் என்று மூன்று வேட்பாளர்கள். நடுவில் கூட்டத்தை நடத்துகிறவர், கையில் ஒரு மணி. வளவளவென்று பேசினால் ஆட்டிவிடுவார். தொடங்கும்போதே சொல்லிவிட்டார்.

"முதல்ல பேரு, அப்புறம் விலாசம், அப்புறம் கேள்வி. இந்த வார்டு ஆளுங்க மட்டும்தான் கேக்கலாம். போன தடவை வெளியாளுங்க புகுந்து கலாட்டா பண்ணிட்டாங்க, அதான்."

சாக்கடையைக் கேட்டார்கள், தெருநாயைக் கேட்டார்கள். அவன் மைக்கை வரிசை வரிசையாகக் கொண்டு போனான். காது மட்டும் மேடைக்கு அடியிலேயே இருந்தது. அவளுக்குக் காய்ச்சல் வந்தால் கூடவே இருமலும் வரும்.

ஓட்டலில் பாத்திரம் கழுவுகிற ஒரு அம்மா எழுந்தாள். தங்கை வீட்டு விலாசத்தைச் சொன்னாள். "நாள் பூரா தண்ணியில நிக்கறேன். வாங்கற சம்பளத்துல ஒரு ரூம் எடுக்க முடியல. தங்கச்சி புருஷன் தினம் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கறாரு. சம்பளத்தை ஏத்துவீங்களா, வாடகையைக் குறைப்பீங்களா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

வக்கீல், ரொம்ப நல்ல கேள்வி என்றார். அதற்குச் சட்டம் இருக்கிறது, சட்டத்தில் இடம் இருக்கிறது என்றார். இடம் எங்கே என்று மட்டும் சொல்லவில்லை. டீச்சர் கணக்கெடுப்பு நடத்த வேண்டும் என்றார். கட்டடக் கம்பெனிக்காரர்தான் ஒளிக்காமல் பேசினார். "சம்பளத்தை ஏத்தினா முதலாளி கடையை மூடிடுவான்மா. அப்புறம் அந்த வேலையும் இருக்காது." அந்த அம்மா வாயைத் திறப்பதற்குள் மணி அடித்தது.

பின் வரிசையில் ஒரு பெரியவர். காவலாளிச் சட்டை போட்டிருந்தார். பேரைச் சொன்னார். விலாசத்துக்கு நின்றுவிட்டார்.

"முன்னாடி இருந்த வீட்டுதைச் சொல்லலாங்களா?"

"இப்ப இருக்கற விலாசம் ஐயா."

"இப்ப பஸ் ஸ்டாண்டுங்க."

கூடம் கொல்லென்று சிரித்தது. "எந்த பஸ்ஸுக்குக் காத்திருக்கீங்க பெரியவரே?" என்று ஒருவன் குரல் கொடுத்தான்.

மணிக்காரர் சங்கடப்பட்டார். "ஐயா, தப்பா நினைக்காதீங்க. வார்டு ஆளுங்களுக்குத்தான் இந்தக் கூட்டம்."

"பஸ் ஸ்டாண்டு இந்த வார்டுலதாங்க இருக்கு."

மறுபடி சிரிப்பு, மறுபடி மணி. மைக்கை வாங்கு என்று மேனேஜர் கண்ணைக் காட்டினார். இவன் கையை நீட்டினான். பெரியவர் உடனே விடவில்லை.

"விடுங்கண்ணே" என்றான் மெதுவாக.

"அப்ப நீயாவது கேளேன்பா" என்று சொல்லிவிட்டு விட்டார்.

அவன் மைக்கோடு நடுவழியில் நின்றான். பெரியவரின் கைச்சூடு இன்னும் அதில் இருந்தது. இப்போது கேட்டால் கேட்டதுதான். ஆனால் பேருக்குப் பின்னால் விலாசம் கேட்பார்கள். என்னவென்று சொல்வது?

அதற்குள் கட்டடக் கம்பெனிக்காரர் எழுந்து மேடை விளிம்புக்கு வந்தார். "பாவம் பெரியவர், அவரை நம்ம ஆபீசுக்கு வரச் சொல்லுங்க, கவனிச்சுக்கலாம். ஆனா ஒண்ணு கேக்கறேன். வீடில்லாதவங்க, வீடில்லாதவங்கன்னு பேப்பர்ல எழுதறாங்களே, இந்த வார்டுல, இந்தக் கூட்டத்துல, வீடில்லாதவங்க யாராவது இருந்தா கை தூக்குங்க. பார்ப்போம்."

அவ்வளவு சிரிப்புக்கு அப்புறம் யார் தூக்குவார்கள்? பாத்திரம் கழுவுகிற அம்மா மடியைப் பார்த்துக்கொண்டாள். பெரியவர் எப்போது போனார் என்றே தெரியவில்லை. இவன் இரண்டு கையாலும் மைக்கை இறுக்கிப் பிடித்தபடி நின்றான்.

"பாத்தீங்களா?" என்றார் அவர், காலால் பலகையை ஓங்கி ஒரு மிதி மிதித்து. "நம்ம மண்ணுல அந்தப் பிரச்சினையே இல்ல!"

அவர் காலடியில், பலகைக்குக் கீழேயிருந்து, இரண்டு தட்டு கேட்டது. நிதானமாக, ஒன்று, இன்னொன்று.

அவர் சட்டென்று பின்வாங்கினார். கூடம் அடங்கியது. டீச்சர் சேலையை இழுத்துப் பிடித்துக்கொண்டு நாற்காலியிலேயே நகர்ந்தார்.

அவனுக்கு மட்டும்தான் அதன் பொருள் தெரியும். வரலாமா என்று கேட்கவில்லை அவள். வருகிறேன் என்கிறாள்.

"என்னய்யா அது?" என்றார் மேனேஜர். எல்லார் தலையும் இவன் பக்கம் திரும்பியது. மேடையைப் பற்றித் தெரிந்தவன் அவன்தானே. பெட்டியைத் தள்ளினால் கதவு திறக்கும். திறந்தால் அவள் இத்தனை பேர் முன்னால் தவழ்ந்து வெளியே வருவாள். அப்புறம்? அப்புறம் என்ன என்பதுதான் அவனுக்குத் தெரியவில்லை. வாய் தானாகத் திறந்துகொண்டது.

"எலிதான் சார்."

மைக் வாய்க்கு அருகே இருந்ததை அவன் மறந்திருந்தான். அந்தச் சொல் ஆள் உயரப் பெட்டியில், அவள் கதவை ஒட்டியிருந்த பெட்டியில், கூடமே அதிரக் கேட்டது. அந்த மைக்கில் அவன் வாழ்நாளில் பேசியது அது ஒன்றுதான்.

கூடம் மூச்சு விட்டுச் சிரித்தது. "அதுக்கும் வீடு வேணுமாம்!" என்றான் அதே குரல்காரன். டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. "பிள்ளைங்க வந்து போற இடம் இது. யார் ஜெயிச்சாலும் சரி, முதல்ல இந்த மேடைக்கு அடியை அடைக்கணும்" என்றார். வக்கீல் தலையாட்டினார். கட்டடக் கம்பெனிக்காரர், "எதுக்கு ஜெயிக்கற வரைக்கும்? நாளைக் காலையில என் ஆளை அனுப்பறேன். பலகை என் செலவு" என்றார். அன்றைக்கு மூன்று பேரும் ஒத்துப்போனது அதில் மட்டும்தான். கைதட்டல் காதைப் பிளந்தது.

எல்லாரும் போன பிறகு பெட்டியை நகர்த்திக் கதவைத் திறந்தான். அவள் கதவை ஒட்டியே முட்டியை மடக்கி உட்கார்ந்திருந்தாள். காலில் செருப்பு, மடியில் துணி மூட்டை, சுருட்டிய பாய். காய்ச்சலில் கண் சிவந்திருந்தது.

"எலி வெளிய வரலாமா?" என்றாள்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "விலாசம் கேட்டாங்க" என்றான்.

"கேட்டுச்சு. எல்லாமே கேட்டுச்சு." மூட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டே, "பலகை இடுக்குல அவங்க செருப்புதான் தெரிஞ்சுது. சாக்கடையைக் கேட்டப்ப நல்லா நீட்டி வெச்சிருந்தாங்க. அந்த அம்மா ரூம் கேட்டப்ப பாருங்க, மூணு பேரும் காலை உள்ளே இழுத்துக்கிட்டாங்க" என்றாள்.

"நாளைக்கு அடைக்கப் போறாங்க."

"தெரியும்." மூட்டையைத் தூக்கிக்கொண்டாள். "நகருங்க. நாமளாப் போனதா இருக்கட்டும்."

"காய்ச்சலோட எங்க போவ?"

"அந்தப் பெரியவர்கிட்டக் கேப்போம். பஸ் ஸ்டாண்டு இந்த வார்டுலதான் இருக்காம்."

அவனுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் நிறைந்தது. கையை நீட்டினான். அவள் பிடித்துக்கொண்டு தலையை வெளியே நீட்டினாள். அப்போதுதான் கூடத்து வாசல் பக்கம் சாவிக்கொத்துச் சத்தம் கேட்டது. மேனேஜர்.

அவன் அவள் தலையைத் தொட்டு உள்ளே தள்ளினான். கதவைச் சாத்தினான். பலகையில் ஒரு தட்டு தட்டினான்.

"நாற்காலி, சொல்ல மறந்துட்டேன்" என்றபடி வந்தார் மேனேஜர். "இனிமே நாற்காலியெல்லாம் இதுக்குள்ள வேணாம். பின்னாடி ரூம் சும்மாத்தானே கிடக்கு, நல்ல காத்தோட்டம், அதுல அடுக்கிடு. நான் இருந்து அந்த ரூமைப் பூட்டிட்டுப் போறேன்." அப்படியே நின்று அவனைப் பார்த்தார். "என்னய்யா பலகையைத் தட்டிக்கிட்டு இருக்க?"

"எலி இருக்கான்னு பாத்தேன் சார்."

"இருக்கா?"

இரண்டு பேரும் காது கொடுத்து நின்றார்கள். மேடைக்கு அடியில் ஒரு மூச்சுக்கூடக் கேட்கவில்லை.

"சத்தம் இல்ல சார்" என்றான் அவன். முதல் நாற்காலியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, நல்ல காற்றோட்டமான அந்த அறையை நோக்கி நடந்தான்.