கேட்கீப்பர் குடிக்காத தண்ணீர்

சபைப் பள்ளிக்கூடத்தில் நடந்த வெயில்காலப் பாடத்துக்கு வந்திருந்தவர்கள்: நர்ஸ் ஸ்டெல்லாமேரி, அந்தப் பள்ளிக்கூடத்து வாட்ச்மேன் தேவஆசீர்வாதம், தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போகும் எங்கள் தெருப் பெண்கள், அவர்களில் ஒருத்தியாக பாலம்மாள், அவளுடைய மாமனார் உக்கிரபாண்டி, பாடம் கேட்க வந்த ஒரே ஆம்பிளையாக நான்.

மில்லில் ராத்திரி ஷிப்ட் வேலையைப் பாதியில் விட்டவன் நான். படுக்கையில் கிடக்கும் அப்பாவைப் பார்ப்பது என் பொறுப்பாகிவிட்டது.

"என்ன அண்ணாச்சி, ராத்திரி ஷிப்டை விட்டுட்டு எங்க கூடப் பகல் ஷிப்டா?" என்றாள் ஒருத்தி.

எண்பத்து மூன்றாம் வருஷம், மே மாதம். மழை பொய்த்து, கரிசல் வெடித்துக் கிடந்தது. முந்தின வாரம் அடுத்த தெருவில் பூட்டிய வீட்டுக்குள் ஒரு கிழவி வெக்கையில் செத்துக் கிடந்தாள். வேலை முடிந்து வந்த மகள் பூட்டைத் திறந்தபோதுதான் தெரிந்தது. இந்தப் பாடம் அதனால் வந்தது.

"வயசானவங்களுக்குத் தாகம் சரியாத் தெரியாது. கேக்கட்டும்னு இருக்காதீங்க, நீங்களாக் குடுங்க" என்றாள் ஸ்டெல்லாமேரி. "பேச்சு குழறுனா, மேலு கொதிச்சா, நிழல்ல போட்டு ஈரத்துணியால தொடச்சு, உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வாங்க. உள்ள வச்சுப் பூட்டிட்டு மட்டும் போகாதீங்க."

பாலம்மாள் எழுந்தாள். புருஷனை இழந்தவள்.

"லேசாச் சொல்லிட்டீய சிஸ்டர். பூட்டாட்டா இவிய ரயில் கேட்டை அடைக்கணும்னு கிளம்பிருதாவ. போன மாசம் தண்டவாளத்து ஓரத்துல உச்சி வெயில்ல விழுந்து கெடந்தாவ. நான் வேலைக்குப் போகாட்டா யாரு கஞ்சி ஊத்துவா?"

உக்கிரபாண்டி மணியாச்சிப் பக்கம் கேட்கீப்பராக இருந்தவர். ரிட்டயராகிப் பல வருஷம் ஆகியும் மனசு டியூட்டியில்தான் இருந்தது. அவரைப் பூட்டி வைக்கும் வீட்டுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஒரே கதவு.

"பானை நெறையத் தண்ணி வச்சிட்டுத்தான் போறேன். சாயங்காலம் பாத்தா அப்படியே இருக்கு. வீம்பு சிஸ்டர், வீம்பு."

ஸ்டெல்லாமேரி ஒரு டம்ளர் தண்ணீரை அவர் கையில் கொடுத்தாள். அவர் குடிக்காமல் திரும்பி வாசலைப் பார்த்தார்.

"கதவு தொறந்திருக்கா?"

"தொறந்துதான் இருக்கு, தாத்தா."

ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னொரு டம்ளர் கேட்டார். பெண்கள் சிரித்தார்கள். ஸ்டெல்லாமேரி சிரிக்கவில்லை.

"பூட்டியிருந்தா ஏன் குடிக்க மாட்டேங்கீய?"

"குடிச்சா ஒண்ணுக்கு வரும்லா? உள்ள எங்கன போவேன்? மருமவ சோறு பொங்குத இடத்துல போக நான் என்ன மாடா?"

சிரிப்பு நின்றது. எங்கள் தெருவில் யார் வீட்டிலும் கக்கூஸ் கிடையாது. எல்லோருக்கும் ஓடைக்கரை உடைமரக்காடுதான். பூட்டுகிற யாருக்கும் அது தோன்றியதில்லை.

"எங்கிட்டச் சொல்லக் கூடாதா மாமா?" என்றாள் பாலம்மாள்.

"பொம்பளப் பிள்ளைட்டப் போயி இதைச் சொல்லுவாவளாக்கும்."

இதனால் எதுவும் தீரவில்லை. திறந்துவிட்டால் தண்டவாளம். பூட்டினால் அந்தக் கிழவியின் கதி. ஸ்டெல்லாமேரி தேவஆசீர்வாதத்தைப் பார்த்தாள். பள்ளிக்கூடம் லீவு, வேப்பமரம் உண்டு, பின்னால் கக்கூசும் உண்டு.

"இங்கன இருக்கட்டும்பீய. ஓடிட்டா யாரு தேடுதது? எனக்கு முட்டுவலி" என்றார் வாட்ச்மேன்.

அப்போது திறந்து கிடந்த கேட் வழியாக ஒரு வெள்ளாடு உள்ளே வந்தது. உக்கிரபாண்டி விசுக்கென்று எழுந்து போனார். ஆட்டை விரட்டி, கேட்டைச் சாத்தி, கொண்டியை மாட்டினார்.

"கேட்டை இப்பிடியா போட்டு வப்பீரு? வண்டி வந்தா என்ன ஆவும்?" என்று தேவஆசீர்வாதத்தை அதட்டினார். பாடம் முடியும்வரை அங்கிருந்து நகரவில்லை.

தேவஆசீர்வாதம் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "இந்தக் கேட்டை விட்டுட்டுப் போயிர மாட்டீரே?"

"மாத்தாள் வராம எவனாவது போவானா வே?"

"சாயங்காலம் நான் வந்து மாத்துதேன் மாமா" என்றாள் பாலம்மாள்.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தால் என்ன செய்வது என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

மறுநாள் காலை பாலம்மாள் வீட்டுக்கு எதிரே எங்கள் வாசலில் நின்று பார்த்தேன். உக்கிரபாண்டி பழைய காக்கிச் சட்டையோடு வெளியே வந்து தெருவில் நின்றார். பாலம்மாள் தண்ணீர்ப் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். "நேரமாச்சு தாயி, வண்டி வந்துரும்" என்று அவர் அவசரப்படுத்தினார். அவள் ஆளில்லாத வீட்டின் கதவைச் சாத்தி, அவர் முதுகுக்குப் பின்னால் பூட்டைப் போட்டாள்.